சுவருக்கு அப்பாலும் உலகம் உண்டு

1952-இல் பிரிட்டனின் ஈலிங் நிறுவனம் தயாரிக்க, அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கிய ‘மாண்டி’ திரைப்படம், செவித்திறனின்றிப் பிறந்த ஒரு சிறுமியின் கதையாகும். அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை அது வென்றது.

மாண்டியின் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால், அந்த அன்பே அவளைச் சுவருக்குள் வைத்திருக்கிறது. சிறப்புப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை தயங்குகிறார். தாயோ துணிந்து அழைத்துச் செல்கிறார். குடும்பம் பிளவுபடுகிறது. பள்ளியில் ஆசிரியை பேசும்போது பலூனில் எழும் அதிர்வை மாண்டி உணர்கிறாள். தன் குரலை முதன்முதலாகக் கண்டறிகிறாள். சில காட்சிகள் மான்செஸ்டரில் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றிலேயே படமாக்கப்பட்டன.

செவிநல மருத்துவர்களாகிய நாங்கள் மாண்டியின் தந்தையைப் போன்ற பெற்றோரை இன்றும் சந்திக்கிறோம். ‘வளர்ந்தால் பேசிவிடும்’ என்று காத்திருப்பதும் அன்பினால்தான். ஆயினும், மொழி வளரும் பருவம் காத்திருப்பதில்லை. 1 மாதத்திற்குள் செவித்திறன் பரிசோதனை, 3 மாதங்களுக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதங்களுக்குள் உதவியைத் தொடங்குதல் என்பதே நாங்கள் பின்பற்றும் நெறி. பச்சிளங்குழந்தை உறங்கும்போதே, வலியின்றி இப்பரிசோதனையைச் செய்யலாம்.

அக்காலப் படமாதலால், அது வாய்ப்பேச்சையே வெற்றியாகக் காட்டுகிறது. இன்று செவித்துணைக் கருவி, காக்ளியர் உள்வைப்பு, சைகை மொழி எனப் பல வழிகள் உள்ளன. எது பொருத்தமானது என்பதைக் குழந்தையின் நிலையறிந்து, உங்களுடன் கலந்து முடிவுசெய்வோம்.

இறுதிக் காட்சியில் மாண்டி சுவரைக் கடந்து, பிற பிள்ளைகளிடம் தன் பெயரைச் சொல்லி விளையாடச் சேர்கிறாள். உங்கள் குழந்தைக்கும் அந்த வாசல் திறக்கட்டும். ஐயம் எழுந்தால் தாமதிக்காமல் வாருங்கள்.