சிங்கப்பூரில் 8 மணி நேரமா? ஊரைப் பார்த்துவிட்டே பறக்கலாம்!

பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா, அமெரிக்கா கிளம்பும் பெற்றோர், சிங்கப்பூரில் விமானம் மாறுவது உண்டு. இடையில் 8, 10 மணி நேரம் இருந்தால், நாற்காலியிலேயே தூங்கி வழிய வேண்டாம்.

இந்தியர்கள் சாங்கி விமான நிலையத்தை விட்டு வெளியே போக விசா வேண்டும். ஆனால், செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய அல்லது அமெரிக்க விசாவும், அடுத்த விமான டிக்கெட்டும் கையில் இருந்தால், சிங்கப்பூர் விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை அனுமதி கேட்கலாம். இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது. வருகை அட்டையை 3 நாள்களுக்குள் ஆன்லைனில் இலவசமாகப் பதிந்துவிடுங்கள்.

இடைவெளி ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் என்றால், விமான நிலையம் நடத்தும் இலவசச் சுற்றுலாவில் சேரலாம். தனியாகப் போவதென்றால், மெட்ரோ ரயிலில் ‘லிட்டில் இந்தியா’ போங்கள். தேக்கா மார்க்கெட், வீரமாகாளியம்மன் கோயில் இரண்டும் அங்கேதான். தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, வழிகேட்கப் பயமில்லை.

பெட்டிகள் கடைசி ஊர்வரை நேராகப் போகுமா என்று கிளம்பும்போதே கேளுங்கள். கைப்பையில் மெல்லும் புகையிலை, கசகசா, சூயிங்கம் வேண்டவே வேண்டாம். மூன்றுக்கும் அங்கே தடை. விமானம் கிளம்ப 3 மணி நேரம் இருக்கும்போதே நிலையம் திரும்பிவிடுங்கள்.