நாலாம் இடம் நவிலும் பாடம்

"தங்கமா வந்தது? வெள்ளியா? வெண்கலமா? வந்தது நாலாவது இடம்! அதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று கேட்போர் உண்டு. ஆம், அதற்குத்தான்! ஏன் என்பதைச் சொல்லுகிறோம்.

2021 ஆகஸ்டு 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கோல்ஃப் இறுதிச் சுற்று. பெருந்தொற்றின் காரணமாக அங்கே பார்வையாளருக்கு இடமில்லை. ஆனால் இங்கே? அதுநாள்வரை கோல்ஃப் மட்டையைக் கண்ணாலும் கண்டிராதவர்கள், கோழி கூவுமுன் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தனர். "பர்டி என்றால் என்ன? போகி என்றால் என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டனர். நாமறிந்த போகி, பொங்கலுக்கு முதல்நாள் பழையதைக் கொளுத்தும் போகிதானே! விதித்த கணக்குக்கு ஓர் அடி குறைந்தால் பர்டி, ஓர் அடி கூடினால் போகி. குறைவாக அடித்தவருக்கே வெற்றி என்று அன்றுதான் அறிந்தனர்.

ஆடியவர் பெங்களூரின் அதிதி அசோக். உலக வரிசையில் 200-ஆம் இடம். 2016-இல் ரியோவில் 41-ஆவதாக வந்தவர். இப்போதோ மூன்று சுற்று முடிவில், முதலிடத்து நெல்லி கோர்டாவுக்கு அடுத்து நின்றார்! மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் யார்? ஈன்ற தாய்!

முடியும் தறுவாயில் இடி, மின்னல், மழை. ஆட்டம் நின்றது. 72 குழிகளும் ஆட இயலாமற் போனால், 54 குழியோடு கணக்கை முடித்துவிடலாம். முடித்தால் அதிதிக்கு வெள்ளி! "மழையே, விடாதே!" என்று வேண்டியவர் எத்தனை பேர்! மழை விட்டது. ஆட்டம் தொடர்ந்தது. கோர்டா 17, ஜப்பானின் இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 16, அதிதி 15. ஓர் அடி! ஒரே ஓர் அடியிலே கைநழுவிற்று பதக்கம். கலங்கினர் மக்கள், ஆனால் கைவிட்டனரா? இல்லை. வாழ்த்தினர், வாயார! மனமார!

இதை நீலகிரியின் லவ்டேலில் நின்று எண்ணிப் பார்க்கிறோம். ஒருபுறம் உதகையில் 18 குழித் திடல். மறுபுறம் வெலிங்டனில் மற்றொன்று. பட்டுக் கம்பளம் விரித்தாற்போன்ற பசும்புல். இடையிலே கொழுந்து கிள்ளும் தாய்மார், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டு தோண்டும் உழைப்பாளர். மலை அவர்களுடையது, வியர்வை அவர்களுடையது, ஆட்டம் மட்டும் வேறு எவருடையதோ! 1829-இல் கல்கத்தாவில் வெள்ளையர் தொடங்கிய ஆட்டம். வெள்ளையர் போயினர், வேலி போகவில்லை.

ஆட்டக்காரரின் பின்னே பை சுமப்பவருக்குக் 'கேடி' என்று பெயர். தமிழிலே அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாம் சொல்லவேண்டுமா? அந்தக் 'கேடி'யாக இருந்த பெங்களூர் முனியப்பாதான் 2009-இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார்! கல்கத்தாத் திடலில் புல் பேணிய தொழிலாளியின் மகன் சவுராசியாதான் 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் அதே பட்டத்தைப் பறித்தார்! பரம்பரைச் செல்வமா வென்றது? பை சுமந்த தோளும், புல்லறிந்த காலும் வென்றன.

திறமை தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலும் பிறக்கும். ஆனால் மட்டையின் விலையும் மைதானக் கட்டணமும் கூலிக்காரன் வீட்டுக்கு எட்டுமா? எட்டாது. ஆகவே கேட்கிறோம்: வாரத்தில் ஒருநாள், மலைப்பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்குத் திடலைத் திறந்துவிட்டால் புல் வாடிப்போகுமா? பழைய மட்டைகள் பத்தைக் கொடுத்துப் பயிற்றுவித்தால் பெருமை குறைந்துபோகுமா?

அன்று விடியலில் விழித்திருந்தவர்கள் வேலிக்கு வெளியே நிற்பவர்கள். விதி தெரியாமலே விளையாட்டை நேசித்தவர்கள். தோற்றவரைத் தோளில் தூக்கியவர்கள். அவர்களுடைய கைதட்டலை வாங்கிக்கொண்டது கோல்ஃப். வாங்கியதற்கு ஈடு தரவேண்டாமா?

கைதட்டத் தெரிந்த கையிலே மட்டையையும் கொடுத்துப் பாருங்கள். அந்த ஓர் அடியின் குறையைத் தீர்க்கும் பிள்ளை லவ்டேல் சரிவிலிருந்தே வரக்கூடும்!