எதிரே வரும் வெளிச்சம்: முன்விளக்கு ஏன் கண்ணைப் பறிக்கிறது?

சோதனைச்சாவடிகள் நிறைந்திருந்த காலத்தில் இரவில் வாகனம் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. சாவடி தூரத்தில் தெரிந்ததும் முன்விளக்கைக் குறைத்து, அல்லது அணைத்துவிட்டு, வாகனத்துக்குள் இருக்கும் விளக்கைப் போடுவார்கள். போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், வெளிச்சத்துக்கு முன்னால் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. துப்பாக்கியோடு நிற்பவர் அந்த இரண்டாவது ஆளாக இருக்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இன்று ஏ9 வீதியில் இரவில் ஓடும் ஒவ்வொரு சாரதியும் சில நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டாவது ஆளாகிறார். 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பிறகு மறுபடி திறக்கப்பட்ட வீதி அது. இப்போது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து இரவில் புறப்படும் பஸ்கள் விடியும் முன்னரே யாழ்ப்பாணத்தை எட்டிவிடுகின்றன. வீதி சீராகி வேகமும் கூடிவிட்டது. ஆனால் பெரும்பகுதியில் நடுவே தடுப்பு இல்லை. இந்தப் பக்கம் ஒரு நிரை, அந்தப் பக்கம் ஒரு நிரை, இடையில் ஒரு வெள்ளைக் கோடு. எதிரே வரும் விளக்கு நேராகக் கண்ணுக்குள் வருகிறது.

கொச்சிக்கடையில் இருப்பவர்களுக்கு இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறி ஒன்று ஒடுங்கிய வீதியில் எதிரே திரும்பும்போது, நடந்து போகிறவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்குவதை எந்த இரவிலும் பார்க்கலாம்.

கண்ணுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? கூச்சம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று வெறும் அசௌகரியம், அதாவது கண்ணைச் சுருக்க வைக்கும் எரிச்சல். மற்றது பார்வையையே குறைப்பது. ஆபத்தானது இரண்டாவதுதான். பலமான ஒளி கண்ணின் வெண்படலத்தையும் வில்லையையும் கடக்கும்போது அதில் ஒரு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய புகைபோலப் படிகிறது. அந்தப் புகைக்குப் பின்னால் இருண்ட சேலை உடுத்தி வீதியோரம் நடக்கும் பெண்ணும், குறுக்கே படுத்திருக்கும் மாடும் காணாமல் போகிறார்கள். விளக்கு நம் பார்வைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் புகையின் அடர்த்தி மாறும். கோணம் இரண்டு மடங்கானால் புகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். எதிர் விளக்கை உற்றுப் பார்க்காதே, இடப்பக்க ஓரக் கோட்டைப் பார் என்று பழைய சாரதிகள் சொல்லிக்கொடுப்பது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

வயதும் இதில் சேர்கிறது. எழுபது வயதுக் கண்ணில் ஒளி சிதறுவது இளவயதுக் கண்ணில் சிதறுவதைப்போல சுமார் இரண்டு மடங்கு. கண்புரை இருந்தால் இன்னும் மோசம். எங்கள் சமூகத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது: செல் சிதறல் பட்டு வெண்படலத்தில் தழும்பு விழுந்தவர்கள், ஒரு கண்ணோடு வாழ்கிறவர்கள். பகலில் சமாளித்துவிடும் தழும்பு, இரவில் எதிர் விளக்கு பட்டதும் கண்ணாடி ஜன்னலில் படிந்த அழுக்குப்போலப் பிரகாசிக்கும். இப்படியானவர்கள் பொழுது பட்டால் மோட்டார் சைக்கிளை எடுப்பதில்லை என்று வீட்டில் தாங்களாகவே ஒரு சட்டம் வைத்திருப்பார்கள். அது பயந்த சுபாவம் அல்ல, கண்ணின் பௌதிகவியல்.

மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடக்கும். மூன்று செக்கன் பார்வை மங்கினால் 50 மீற்றர் குருட்டு ஓட்டம்.

முன்விளக்கை வடிவமைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை காரின் வயதளவு பழையது. சாரதிக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், எதிரே வருபவருக்கு வெளிச்சமே வரக்கூடாது. இரண்டு பேரும் ஒரே வீதியில் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். இதற்கு ஐரோப்பியர்கள் கண்டுபிடித்த விடை, ஒளியைக் கத்தியால் வெட்டியதுபோல மேல்பக்கம் வெட்டிவிடுவது. 'டிம்' போட்டபடி ஒரு சுவருக்கு முன்னால் வாகனத்தை நிறுத்திப் பாருங்கள். கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவே தெளிவான ஒரு கோடு தெரியும். அந்தக் கோடும் முழுக்கத் தட்டையானது அல்ல. இடப்பக்கம் ஓடும் நாடுகளில் அது இடது ஓரம் நோக்கிச் சரிவாக மேலே ஏறும், வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும். இடது ஓரத்தில் நடக்கிறவரும் வீதிப் பலகையும் தெரிய வேண்டும், வலப்பக்கம் வருகிற சாரதியின் கண் தப்ப வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு உதாரணம். ஹலோஜன் விளக்குகளுக்கான ஐ.நா. பொருளாதார ஆணைக்குழுவின் பழைய தரவிதி, 25 மீற்றர் தூரத்துத் திரையில் ஒளியை அளக்கச் சொல்கிறது. வீதியோரப் புள்ளியில் ஆகக் குறைந்தது 12 லக்ஸ் இருக்க வேண்டும். எதிர்ச் சாரதியின் கண் இருக்கும் புள்ளியில் 0.4 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உயரத்தில் அரை மீற்றர், பக்கவாட்டில் இரண்டு மீற்றர் இடைவெளிதான். அதற்குள் ஒளி முப்பதில் ஒரு பங்காக விழ வேண்டும்.

இதைச் செய்வது ஒரு துண்டுத் தகரம் என்றால் நம்பமாட்டீர்கள். நம் நாட்டில் ஓடும் பழைய வான்களிலும் லொறிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பரவலாக இருக்கும் எச்4 பல்ப் 1971இல் வந்தது. அதற்குள் இரண்டு இழைகள். டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறித்துவிடும். மேல்நோக்கிப் போகும் ஒளி மட்டும் பிரதிபலிப்பானின் மேல்பாதியில் பட்டு வீதியை நோக்கித் தாழ்ந்து வரும். கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 பாகை சரித்து வெட்டப்பட்டிருக்கும். சுவரில் இடது பக்கம் ஏறும் கோடு அந்த வெட்டிலிருந்து வருவது. பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது.

இப்போது அந்த ஹலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு, பஞ்சிகாவத்தையிலோ இணையத்திலோ வாங்கிய எல்.ஈ.டி. பல்பை அதே குழிக்குள் பூட்டினால் என்ன ஆகும்? எல்.ஈ.டி. சில்லுகள் ஒரு தட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். ஒளி பிறக்கும் இடம் இழை இருந்த இடத்துக்குச் சரியாக வராது. மில்லிமீற்றரின் ஒரு சிறு பங்கு விலகினாலே கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். பூட்டியவருக்கு வெளிச்சம் கூடியதுபோலத் தோன்றும். வாகனத்துக்குக் கிட்ட உள்ள தரை வெள்ளையாகப் பளிச்சிடுவதால் வரும் மயக்கம் அது. தூரத்தில் அவருக்குத் தெரிவது பல நேரங்களில் முன்னரைவிடக் குறைவு. பிரித்தானியாவில் ஹலோஜனுக்காகச் செய்த விளக்குக்குள் எல்.ஈ.டி. பல்ப் பூட்டிய காரை வருடாந்தப் பரிசோதனையிலேயே தள்ளுபடி செய்கிறார்கள். அங்கே இருக்கும் உறவினரைக் கேட்டால் தெரியும். தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி.க்காக வடிவமைத்த விளக்கு வேறு, அது குற்றவாளி அல்ல.

அடுத்த கோளாறு கோணம். டிம் ஒளியின் கோடு நூற்றுக்கு ஒரு பங்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது கார்களுக்கான பொதுக் கணக்கு, அதாவது 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர். விளக்கு ஒரே ஒரு பாகை மேலே தூக்கிவிட்டால் 70 மீற்றர் தூரத்தில் அந்தக் கோடு தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீற்றர் உயரத்தில் நிற்கும். எதிரே வரும் கார்ச் சாரதியின் கண் இருப்பதும் அங்கேதான். ஒரு பாகை தூக்குவதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. பின்பக்கம் நிறையச் சாமான் ஏற்றினால் போதும். கொழும்பிலிருந்து ஊருக்குப் போகும் வான்களின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பின்புறம் அமர்ந்து மூக்கு மேலே தூக்கியபடிதான் அவை வன்னியைக் கடக்கின்றன. பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு சிறு சில்லு இருக்கும். பாரம் ஏற ஏற அதைத் திருப்பினால் விளக்கு தாழும். அதைத் தொட்டே பார்க்காத சாரதிகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பழுப்பேறிய விளக்கு முகப்பு. இப்போதைய முகப்புகள் கண்ணாடி அல்ல, பொலிகாபனேற் பிளாஸ்ரிக். வெயிலில் மஞ்சளித்து மங்கி, கண்புரை விழுந்த கண்ணைப்போலவே ஒளியைச் சிதறடிக்கும். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், நாடு முழுவதும் பழைய வாகனங்களே ஓடி ஓடி இன்னும் பழசாகின.

ஒரு நல்ல காலம், நமக்கு வரும் பழைய வாகனங்களும் விளக்குகளும் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருகின்றன. அங்கும் இடப்பக்கமே ஓடுகிறார்கள், ஆகவே கோடு சரியான பக்கம் ஏறும். லண்டனிலிருந்து காரிலேயே கடல் கடந்து பாரிஸ் லா சப்பல் கடைகளுக்குப் போகிறவர்கள் முன்விளக்கில் ஒரு ஒட்டுத்துண்டு ஒட்டுவது இதற்காகவே. ஒட்டாமல் போனால் இடது பக்கம் ஏறும் ஒளி பிரான்ஸில் எதிரே வருகிறவர் கண்ணில் விழும்.

அதே பிரான்ஸில் 1980களில் போய் இறங்கிய நம்மவர்கள் கார்களின் மஞ்சள் முன்விளக்குகளை மறந்திருக்கமாட்டார்கள். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை அங்கே மஞ்சள் ஒளிதான் விதி. கூச்சம் குறையும் என்ற நம்பிக்கை. கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கலாம், பார்வை பெரிதாகக் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இப்போது 'இரவு ஓட்டக் கண்ணாடி' என்று மஞ்சள் கண்ணாடிகளை விற்கிறார்கள். 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அதை அணிந்தவர்கள் வீதியில் நடப்பவரைக் கண்டுபிடிப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று காட்டியது. காசை மிச்சம் பிடியுங்கள்.

மிக அழகான தீர்வை யோசித்தவர் எட்வின் லாண்ட். பொலரொயிட் கமெரா மூலம் உலகம் அறிந்த அவர், 1920களின் கடைசியில் முனைவாக்கத் தகட்டைச் செய்யத் தொடங்கியதே கார் விளக்கின் கூச்சத்தைப் போக்கத்தான். எல்லாக் கார்களின் விளக்கிலும் முன்கண்ணாடியிலும் 45 பாகை சரிந்த தகடு ஒன்று. எதிரெதிரே வரும்போது ஒருவரின் சரிவு மற்றவருக்குக் குறுக்காகிவிடும், எதிர் விளக்கு அணைந்ததுபோலத் தெரியும். தன் விளக்கின் ஒளி மட்டும் தடையின்றித் திரும்பி வரும். கோட்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தகடு பாதி ஒளிக்கு மேல் விழுங்கிவிடும், அதனால் விளக்கு இன்னும் பலமாக இருக்க வேண்டும். நாட்டின் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் மாறவும் வேண்டும். முதலில் மாறுகிறவருக்கு இலாபமே இல்லை. கார்க் கம்பனிகள் கைவிட்டுவிட்டன.

இன்றைய விடை கமெரா. 2013இல் அவுடி ஏ8 காரில் ஒவ்வொரு முன்விளக்கிலும் 25 தனித்தனி எல்.ஈ.டி.கள் வந்தன. முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கமெரா எதிர் வாகனத்தின் விளக்கைக் கண்டதும், அந்தத் திசைக்குரிய எல்.ஈ.டி.களை மட்டும் அணைக்கும். வீதி முழுக்க ஹை பீம், எதிர் வாகனத்தைச் சுற்றி மட்டும் ஒரு இருட்டுப் பெட்டி, வாகனம் நகர நகர அந்தப் பெட்டியும் நகரும். அமெரிக்காவிலே இதை அனுமதிக்க 2022 பெப்ரவரி வரை சென்றது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. கமெரா தேடுவது பெரும்பாலும் விளக்கை. கிளிநொச்சியில் இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் வருபவரிடம், கையால் மிதிக்கும் மூன்று சில்லு வண்டியில் வரும் கால் இழந்தவரிடம், அணைப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. விலை உயர்ந்த காரின் முழு வெளிச்சமும் அவர் முகத்தில்தான் விழும். சாரதிக்கு அவர் நன்றாகத் தெரிவார் என்பது உண்மை. அவருக்கு வீதியின் குழி தெரியாது.

நம் நாட்டில் எது நடக்க முடியும்? 2008இலிருந்து வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாயில் கருவியைச் செருகி அளக்கிறார்கள், முன்விளக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை. அதே வரிசையில் விளக்கின் கோணத்தை அளக்கும் ஒரு பெட்டியையும் வைத்தால் வாகனத்துக்கு இரண்டு நிமிடம் கூடப் போகாது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற பெயரில் பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிகப் பாகங்களைக் கழற்றத் தொடங்கியதும் சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. எது அலங்காரம், எது ஆபத்து என்று அளந்து சொல்ல வீதியில் நின்ற பொலிஸ்காரரிடம் ஒரு கருவியும் இல்லை என்பதே என் பார்வையில் அந்தக் குழப்பத்தின் வேர்.

அதுவரை சுவர் இருக்கிறது. சமதரையில், சில்லுகளில் காற்று சரியாக இருக்க, சாரதி ஆசனத்தில் ஒருவர் இருக்க, சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி வாகனத்தை நேராக நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சோக்கால் ஒரு கோடு. டிம்மைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் கீழே, வலப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். மேலே நின்றால் விளக்கின் பின்னாலுள்ள திருகாணியை கராஜில் திருப்பச் சொல்லுங்கள். கோடே தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளையாகப் பரவினால், திருகாணியைத் திருப்பிப் பலனில்லை. பல்பைக் கழற்றிவிட்டுப் பழைய ஹலோஜனைப் பூட்ட வேண்டியதுதான்.