தொப்புள்கொடி: அந்த ஒரு நிமிடம் யாருக்கு உரியது?

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை எப்போது துண்டிப்பது? பிரசவ அறைக்குள் நொடிகளில் முடிந்துவிடும் இச்செயல், இரத்தசோகையோடும் சாதியோடும் பிணைந்த ஒன்று.

பிறக்கும் தறுவாயில் குழந்தைக்குரிய குருதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கொடியைக் கவ்வியிட்டு அடைக்காமல் விட்டால், நிறைமாதக் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லிலிட்டரும், மூன்றாம் நிமிடத்திற்குள் சுமார் 100 மில்லிலிட்டரும் வந்து சேர்கின்றன. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. ஆகவே முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை பெரிதும் நம்பியிருப்பது பிறப்பின்போது பெற்ற இருப்பையே.

உடனடித் துண்டிப்பு தீங்கானது என்று இங்கிலாந்து மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் 1801இலேயே எழுதினார். ஆயினும் தாயின் குருதிப்போக்கைத் தடுக்கும் முறைகளுள் ஒன்றாக, 20ஆம் நூற்றாண்டு மருத்துவமனைகளில் அதுவே வழக்கமாயிற்று. தாமதிப்பதால் தாய்க்குக் குருதிப்போக்கு கூடுவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒளிச்சிகிச்சை தேவைப்படும் மஞ்சள்காமாலை சற்றே கூடுதலாகலாம். அதைக் கண்காணிக்க வேண்டும். ஒரு நிமிடத்திற்கு முன் கொடியை அடைக்கக் கூடாது, ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை காத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூச்சுவிடாமல் உடனடிச் செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தைகள் இதற்கு விலக்கு.

வட இந்தியாவின் பல பகுதிகளில் கொடியறுப்பது ‘தீட்டு’ வேலையாகக் கருதப்பட்டு, தலித் பெண்களான தாய்களின் (மருத்துவச்சிகளின்) மீது சுமத்தப்பட்டது. அவர்களுள் பலர் நஞ்சுக்கொடி வெளிவரும்வரை காத்திருந்தே கொடியை அறுத்தனர். தூய்மையற்ற கருவிகளால் இரணஜன்னி நேர்ந்ததும் உண்மை. அதை மறைத்துப் பழமையைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அவர்களது உழைப்பைத் தீட்டென்றும் அறிவை அறியாமையென்றும் ஒருசேரத் தள்ளிய சமூகம், காத்திருத்தலின் பயனை ஆய்வுகள் சொன்ன பிறகே ஏற்றது.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டமும் தாமதத் துண்டிப்பை வலியுறுத்துகிறது. இதற்கு மருந்தோ புதுக் கருவியோ வேண்டா. வேண்டுவது ஒரு கடிகாரமும், அவசரப்படாத செவிலியரும், அவர் அவசரப்படத் தேவையில்லாத அளவு பணியாளர்களும்தான்.

சத்துணவுக்கும் சத்துமருந்துக்கும் வழியற்ற வீட்டுக் குழந்தைக்கு அந்த 80 மில்லிலிட்டர் பேரிழப்பு. ஆகவே நம் ஊர் அரசு மருத்துவமனையில் கொடி எந்த நிமிடத்தில் அடைக்கப்படுகிறது, அது பதிவாகிறதா, தாயிடம் முன்கூட்டியே சொல்லப்படுகிறதா என்று கேட்பது மருத்துவ ஐயம் மட்டுமன்று, உரிமைக் கேள்வி. அக்குருதி குழந்தைக்குரியது.