டன்கிர்க்: தப்பியதும் வெற்றியா?

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, பிரான்சின் டன்கிர்க் கரையில் ஜெர்மானியர் முற்றுகையில் சிக்கிய 3,38,000க்கும் மேற்பட்ட துருப்புகள் கடல்வழியே மீட்கப்பட்டனர். பீரங்கிகளும் வாகனங்களும் பிரான்சிலேயே கிடந்தன. பிரிட்டிஷ் பத்திரிகைகளோ இதை வெற்றிபோலக் கொண்டாடின. பின்வாங்கி யுத்தத்தை வெல்ல முடியாதென்று பிரதமர் சர்ச்சிலே பார்லிமெண்டில் எச்சரித்தார்.

இந்தியரும் அங்கிருந்தனர். 1939 டிசம்பரில் பம்பாயில் கப்பலேறிய நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் பிரிட்டிஷ் படைக்குச் சரக்குச் சுமந்தன. ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. மற்றவர்களில் பலர் டன்கிர்க் வழியே தப்பினர். கழுதைகளைக் கைவிட நேர்ந்தது.

2017-ல் வந்த 'டன்கிர்க்' படத்திலும் இவர்களைக் காணோம். புனேயில், கட்கி ராணுவக் கிடங்குகளில் உழைக்கும் நம்மவர்க்கு இது புரியும்: சுடுபவன் பெயர் நிற்கும்; சுமப்பவன் பெயர் நிற்பதில்லை.