பாஷோ நடந்த வழி

‘தியானம்’ என்னும் வடசொல் சீனத்தில் ‘சான்’ எனவும் ஜப்பானில் ‘ஜென்’ எனவும் திரிந்து வழங்கலாயிற்று. ஜென் என்றதும் மடத்தில் அசையாது அமர்ந்திருக்கும் துறவியே பலருக்கும் நினைவில் தோன்றுவார். ஆனால், நெடுவழி நடந்த கவிஞர் ஒருவரும் அந்நெறியில் பயின்றவரே. அவர் மட்சுவோ பாஷோ (1644–1694). எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாழ்ந்தபோது புச்சோ என்னும் ஜென் துறவியிடம் அவர் தியானம் கற்றார்.

1689ஆம் ஆண்டு இளவேனிலில், தாம் வாழ்ந்த குடிலைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, சோரா என்னும் மாணவருடன் பாஷோ வடதிசை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் வழி, பெரும்பகுதி கால்நடையே. வெறுங்கையுடன் செல்லவே அவர் விரும்பினார். எனினும், குளிருக்குக் காகித ஆடை, மழைக்கு மேலாடை, தூரிகை, மை என மூட்டை பெருத்தது. நண்பர்கள் அன்புடன் அளித்த பரிசுகளும் தோளை அழுத்தின. அவற்றை எறிய மனம் வரவில்லை. பற்றற்றவர் என்று நாம் கருதும் ஒருவர் இதனை ஒளிக்காமல் எழுதிவைத்திருப்பது எண்ணத்தக்கது.

இயிசுகா என்னும் ஊரில் ஓர் ஏழ்மையான வீட்டில் இரவு தங்க நேர்ந்தது. மண்தரையில் பாய், விளக்கும் இல்லை. இடியுடன் பெய்த மழையில் கூரை ஒழுகியது. தெள்ளும் கொசுவும் உறங்கவிடவில்லை. அவருடைய நாட்பட்ட நோயும் அன்றிரவே மீண்டும் தாக்கியது. விடிந்த பின்னும் மனம் தெளியவில்லை. கடக்க வேண்டிய தொலைவோ மிகுதி. வழியிலேயே இறக்க நேர்ந்தால் அதுவும் விதி என ஏற்றுக்கொண்ட பிறகே சற்று வலிமை மீண்டதாக அவர் எழுதுகிறார். நோய் நீங்கியது என்று எழுதவில்லை. மீண்டது நடப்பதற்குப் போதுமான வலிமை மட்டுமே.

கோடையில் யமதேரா என்னும் மலைக்கோயிலை அடைந்தனர். அடிவாரத்தில் தங்குமிடத்தை உறுதிசெய்துகொண்டு, பொழுது சாயுமுன் மேலேறினர். பாறைமேல் பாறையாக எழுந்த மலை, பாசி படர்ந்த கற்கள், கதவடைத்த கோயில்கள். அங்கே தம் மனம் தெளிந்து வருவதை உணர்ந்ததாகப் பாஷோ குறிக்கிறார். அவ்விடத்தைப் பற்றி அவர் இயற்றிய ஹைக்கூவில் சில்வண்டின் ஒலி பாறைக்குள் ஊடுருவுகிறது. ஒலி நிறைந்த அப்பாடல்தான் அமைதியைப் பாடியதற்காக இன்றும் போற்றப்படுகிறது.

சோராவின் குறிப்பில் அப்பாடலின் முதல் வடிவம் கிடைக்கிறது. அதில் மலைக்கோயில் உண்டு, சில்வண்டும் உண்டு, ‘அமைதி’ என்னும் சொல் இல்லை. பயணம் முடிந்த பின்னரும் பாஷோ அப்பாடலைத் திருத்திக்கொண்டிருந்தார். இடையில் ஒரு வடிவம் தனிமைத் துயரைக் குறிக்கும் சொல்லோடு தொடங்கியது. ‘அமைதி’ இறுதியில் வந்து சேர்ந்த சொல்.