ஒளியும் ஒலியும் முதல் எதிரொலி வரை: பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் இப்போ எங்கே?

40 வயதைத் தாண்டியவர்களிடம் 'ஒளியும் ஒலியும்' என்று சொல்லிப் பாருங்க, உடனே ஒரு கதை வரும். வெள்ளிக்கிழமை இரவு, பக்கத்து வீட்டு டிவி, கொஞ்ச நேரம் சினிமாப் பாட்டு. இன்று எந்தப் பாட்டையும் போனில் எப்போ வேணும்னாலும் பார்க்கலாம். அப்புறமும் ஏன் இந்த ஏக்கம்?

எப்போது தொடங்கியது?

சென்னை தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. கறுப்பு வெள்ளைதான், அதுவும் சில மணி நேரம் மட்டும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது.

சென்னை சிக்னல் தென் மாவட்டங்களை எட்டவில்லை. அங்கே பலர் உயரமான ஆன்டெனா வைத்து, 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் அந்தப் பக்கம் தூர்தர்ஷன் பரவலானது.

என்னவெல்லாம் பார்த்தோம்?

* ஒளியும் ஒலியும்: வெள்ளிக்கிழமை சினிமாப் பாடல்கள்
* ஞாயிறு மாலை: தமிழ்த் திரைப்படம்
* வயலும் வாழ்வும்: விவசாயிகளுக்கான நிகழ்ச்சி
* எதிரொலி: நேயர்களின் கடிதங்களுக்கு நிலையத்தின் பதில்
* கண்மணிப் பூங்கா: குழந்தைகளுக்கானது
* செய்திகள்: ஷோபனா ரவி, பாத்திமா பாபு போன்றோரின் குரலில்

நடுநடுவே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும் உண்டு!

ஏன் மறக்க முடியவில்லை?

எல்லா நிகழ்ச்சியும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. இரவில் இந்தி நிகழ்ச்சி தொடங்கியதும் எழுந்து போனவர்கள் நிறைய பேர். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு இருந்தது ஒரே சேனல். தெருவே ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பார்த்தது. தவறவிட்டால் போச்சு, மறுபடி கிடைக்காது. மறுநாள் பள்ளியிலும் ஆபீஸிலும் அதே பேச்சு.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே நம் மனசில் அதிகம் தங்கும் என்று உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, கேபிள் பரவியது. ஆளுக்கொரு சேனல் என்று ஆனதும் கூடிப் பார்ப்பதும் குறைந்தது. நாம் தேடுவது பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைத்தான்.

இப்போ பார்க்க முடியுமா?

சினிமாப் பாட்டும் படமும் எளிதாகக் கிடைக்கும், அவை திரைத்துறையிடம் இருந்தவை. நிலையமே தயாரித்தவைதான் சிக்கல். வீடியோ டேப் விலை அதிகமாக இருந்த காலம் அது. பழைய டேப்பில் புதிய நிகழ்ச்சியைப் பதிவு செய்வது உலகம் முழுக்க டிவி நிலையங்களில் இருந்த வழக்கம். பிபிசியிலேயே அப்படி அழிந்த நிகழ்ச்சிகள் ஏராளம். நேரலையாகப் போனவற்றில் பதிவே செய்யப்படாதவையும் உண்டு.

அதனால் கிராமத்து விவசாயி பேசியதும், ஒரு சிறுமி மேடையில் பாடியதும்தான் இன்று கிடைப்பதற்கு அரிது. அன்றைய தமிழ்நாட்டின் பேச்சும் உடையும் முகங்களும் அவற்றில்தான் இருந்தன. பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் தன்னிடம் உள்ள பழைய பதிவுகளில் சிலவற்றை யூடியூபில் வெளியிட்டு வருகிறது. பொதிகை சேனல் 2024 ஜனவரி முதல் 'டிடி தமிழ்' ஆகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்!

உங்கள் குடும்பத்தில் யாராவது அன்று டிவியில் வந்தார்களா? அதை விஎச்எஸ் கேசட்டில் பதிவு செய்தீர்களா? அப்படியென்றால் தள்ளிப்போடாதீங்க.

* ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகத் தெரிந்தால் பிளேயரில் போடாதீங்க, டேப்பும் கெடும், பிளேயரும் கெடும்.
* விசிஆர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமாகக் கருதப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016-லேயே அதை நிறுத்திவிட்டது. ஓடும் பிளேயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன.
* டிஜிட்டலுக்கு மாற்றித் தரும் கடைகள் உள்ளன. மாற்றிய பிறகு நிகழ்ச்சியின் பெயர், தோராயமான ஆண்டு, அதில் வருபவர்கள் யார் என்று எழுதி வையுங்க. அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்க.